அருவிக்கரைத் தகடு

எண்பத்தாறாம் வருஷச் சாரல் சீசனில் வாரியலால் அருவிக்கரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஆவுடைத்தாய், கண்டெடுத்த தங்கத் தகட்டை நேரே போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தாள்.

அங்கே வரவழைத்த நகை ஆசாரி உரசிப் பார்த்தார், உரைகல்தான் கீறிப்போனது. "இது தங்கமில்லையே, ஏட்டையா!"

ஏட்டையா அவள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, அசலை எங்கன ஒளிச்சு வச்சிருக்க?"

"கெடச்சத அப்படியே குடுத்துட்டேன், அய்யா!"

ஏட்டையா லத்தியை எடுத்தார்.

மறுநாள், தகட்டைத் தேடிக்கொண்டு பெங்களூர் விஞ்ஞானி ராமசேஷன் ஸ்டேஷனுக்கு வந்தார்.

"உள்ளே வெறும் எஃகு, சார். மேலே தங்க நிறத்துல, மயிரிழையைவிட மெல்லிசா பீங்கான் பூச்சு. சாரல்ல துருப்பிடிக்குதான்னு பாக்க போன சீசன்ல நான்தான் பாறையில கட்டிவச்சேன். கட்டு அறுந்து விழுந்திருக்கு."

தகட்டைத் திருப்பிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "ஒரு வருஷத்துல துருவும் இல்லே, ஒரு கீறல்கூட இல்லே!"

வீங்கிய கையோடு ஆவுடைத்தாய் வேலைக்குத் திரும்பினாள். பாறை இடுக்கில் யாரோ தவறவிட்ட மோதிரம் மின்னியது.

வாரியலால் அதைத் தண்ணீரிலேயே தள்ளிவிட்டாள்.