வராத தீ

இந்த ஆண்டு ஊரில் தீப்பிடிக்காது என்று கணிப்பு இயந்திரம் சொல்லிவிட்டதால், புதிய தீயணைப்பு வண்டி வேண்டாம் என்று நகராட்சியில் தீர்மானம் எழுதினார்கள். போன மாதம் தீப்பெட்டி ஆலை எரிந்தது. ஆனால் கணிப்பில் வராத தீ பதிவேட்டிலும் ஏறவில்லை. தீர்மானத்தில் தீயணைப்பு நிலைய அதிகாரி மாரீஸ்வரியின் கைரேகை மட்டும்தான் பாக்கி.

“வெரல வைங்கம்மா, முடிச்சிருவோம்,” என்றார் தலைவர்.

வைத்தாள். ‘ரேகை இல்லை’ என்றது கைரேகை இயந்திரம். துடைத்து வைத்தாள். அதே பதில்.

தழும்பேறிய பத்து விரல்களையும் தலைவர் முகத்துக்கு நேரே விரித்தாள்.

“ஓட்டக் குழாயோட தீப்பெட்டியாபீசுக்குள்ள போயி நாலு பேரத் தூக்கிட்டு வந்த கை இது. தீதான் பிடிக்கலையே, பெறகு என் ரேகை எங்க போச்சு? ஒங்க மெஷின்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இங்கனயேதான் உக்காந்திருப்பேன்.”