காலியான சிப்

லிஃப்ட் மெக்கானிக் ஆசை ஆசையாக மனைவியைப் பேசவைத்து, தான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டுக்காக மாடி எண்களை ஒரு சிப்பில் பதித்திருந்தான். அவள் செத்தபின் அந்தக் குரல் அவனைத் தினமும் அறுத்தது. ஒரே தடவை எழுதும் சிப் அது. பதிவை அழிக்கும் புற ஊதா விளக்கும் அதன் கறுப்புப் பிளாஸ்டிக்குக்குள் எட்டவில்லை. எக்ஸ்ரே எடுக்கும் நண்பன்தான் கைகொடுத்தான்.

"பிளாஸ்டிக் எல்லாம் எக்ஸ்ரேக்கு ஒரு தடையா மாப்ள? தங்கச்சி குரல நான் துடைச்சுத் தர்றேன்."

சோதித்துப் பார்த்தார்கள். சிப் சுத்தமாகக் காலி. மாட்டிவிட்டு இருவரும் ஏறினார்கள். மூன்று மாடி வரை லிஃப்ட் வாயே திறக்கவில்லை. கண்கலங்கிய மெக்கானிக்கின் தோளை நண்பன் தட்டிக்கொடுத்தான்.

அவன் வீடு இருக்கும் நாலாவதில் கதவு திறந்தது.

"வாங்க," என்றது அவள் குரல். "அவர் வேலைக்குப் போயிட்டார். செருப்ப உள்ள எடுத்து வச்சிடுங்க."

நண்பன் பழக்கம்போலக் குனிந்து செருப்பைக் கழற்றினான்.