இருபத்தைந்து வெள்ளித் துணி

"இந்தத் துணியில நான் கத்திரி வைக்க மாட்டேண்ணே" என்றார் தையல்காரர் ஹைதர்.

முனுசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. மே தினக் கூட்டத்துக்குச் சட்டை தைக்க வாங்கிய பாத்திக் துணி. ஆர்மேனியன் தெருவில் லோகேஸ்வரி கடையில் விலை இருபத்தைந்து வெள்ளி. 'மெஷின் பிரிண்ட்' என்று சீட்டே ஒட்டியிருந்தது.

"பிரிண்ட்டுன்னா பின்பக்கம் வெளுத்திருக்கும். இதத் திருப்பிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே சாயம். மெழுக உருக்கிக் கையால வரைஞ்சது லா. இன்னொண்ணு. ஒம்பது பூ இருக்கு. ஒம்பதும் ஒவ்வொருத்தர் கை. காம்ப பாருங்க, ஒண்ணு நடுங்குது, ஒண்ணு ஓடுது. ஐந்நூறு வெள்ளிக்குக் கொறயாது."

முனுசாமி துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

துறைமுகத் தொழிற்சங்கத்தில் முப்பத்தொரு வருடம். போலியை அசல் என்று விற்றவர்களை நடுத்தெருவுக்கு இழுத்திருக்கிறார். அசலைப் போலி என்று விற்றவரை இதுவரை பார்த்ததில்லை. அவர் அடித்த எந்தத் துண்டறிக்கையிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

திருட்டுச் சரக்கா? திருடன் எதற்கு முன்கதவில் தொங்கவிடுகிறான்? வரி ஏய்ப்பா? அதற்கு இவ்வளவு நட்டப்படுவார்களா?

கடை வாசலை மிதித்தபோது பளிச்சென்று பட்டது. பிரிண்ட் என்று சொல்லிவிட்டால் வரைந்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டாமே!

"லோகேஸ்வரி! இது பிரிண்ட்டா?"

லோகேஸ்வரியின் முகம் மாறியது. "உக்காருங்கண்ணே. காப்பி போடறேன்."

"காப்பியா? முப்பத்தொரு வருஷத்துல ஒரு தொழிலாளி காசுல நான் காப்பி குடிச்சதில்ல. பொன்னாடை போட்டாக்கூட மடிச்சுத் திருப்பிக் கொடுத்தவன். எனக்கே காப்பியா?"

"அதான்ணே பிரச்சினையே."

"என்னா பிரச்சினை? ஒம்பது பேரு உழைப்ப இருபத்தஞ்சு வெள்ளிக்கு வித்திருக்க. யாரு வரைஞ்சது? பேரச் சொல்லு. இல்ல, நாளைக்கே உன் கடை வாசல்ல அட்டையோட நிக்கிறேன்."

லோகேஸ்வரி கடையின் பின்பக்கம் பார்த்தாள். அங்கிருந்து நூர் ஃபாத்திஹா வந்தாள். விரல் நுனியெல்லாம் காய்ந்த மெழுகு.

முனுசாமி திகைத்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பாத்திக் பட்டறை, நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் பெண்களை வெளியே தள்ளியது. பட்டறை கேட்டருகே வெயிலில் அவரோடு நின்று, கடைசியில் வழக்கில் ஜெயித்தவர்களில் இவளும் ஒருத்தி.

"நீயா? வரைஞ்சது நீயா?"

"ஒரு பூ மட்டும்ணே. மத்த எட்டும் எங்கூட கேட்டுல நின்னாங்களே, அவங்க."

"இவ எவ்வளவு கொடுத்தா?"

"உங்க இருபத்தஞ்சு வெள்ளியில ஆளுக்கொரு ரொட்டி சானாய்."

"ரொட்டி சானாயா!" முனுசாமி மேசையில் அடித்தார். "கேஸ் ஜெயிச்சும் உங்களுக்குப் புத்தி வரலியா? அங்க ஒரு முதலாளி, இங்க ஒரு முதலாளியா?"

லோகேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"நான் ஒரு காசு எடுக்கலண்ணே. மூணு மாசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்க உக்காந்து வரைஞ்சாங்க. சும்மா கொடுத்தா நீங்க மூஞ்சியில வீசுவீங்க. அசல்னு சொன்னா வாங்க மாட்டீங்க. பிரிண்ட்டுன்னு சீட்டு ஒட்டச் சொன்னதே இவங்கதான். வேற யாரும் எடுத்துடக்கூடாதுன்னு, மே தினச் சட்டைக்குத் துணி எடுக்க நீங்க தெருமுனையில வர்றதப் பாத்துட்டுத்தான் வெளிய தொங்கவிட்டேன்."

முனுசாமி துணியைப் பார்த்தார். லோகேஸ்வரியைப் பார்த்தார். திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் பழகிய வார்த்தைகள்தான் வந்தன.

"என்னா காரணமா இருந்தாலும் சரி. கூலி வாங்காம உழைக்கறது தப்பு. உழைக்கவிடறது அதவிடத் தப்பு."

நூர் ஃபாத்திஹா துணியை எடுத்து, மடித்து, அவர் கையில் வைத்தாள்.

"சரிண்ணே. அப்ப எங்களோட ஏழு மாசம் கேட்டுல நின்னீங்களே, அதுக்கு நீங்க எவ்வளவு வாங்கினீங்க?"