நேராப் போற லைட்டு

"ஹசார்டு லைட்டு நாலும் எரியல. பழைய வண்டி, என்னன்னு பாரும் வே" என்றார் ஜஸ்டஸ்.

மெக்கானிக் பாதுஷா குனியக்கூட இல்லை.

"இண்டிகேட்டர் தனித்தனியா எரியுதா அண்ணாச்சி?"

"எரியுது."

"அப்ப பல்பு, வயரிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஹசார்டை எங்க வச்சுப் போட்டீய?"

"கழுகுமலை ரோடு முக்குல. திரும்பணும்னா ஒரு பக்கத்து லைட்டு, நேராப் போணும்னா நாலும்தான?"

"நேராப் போறதுக்கு ஒண்ணுமே போட வேண்டாம். பக்கவாட்டுல வாரவனுக்கு ஒரு பக்கத்து லைட்டுதான் தெரியும். நீங்க திரும்புதீயன்னு நெனச்சு நேரா வந்து இடிச்சிருவான். அதான் போன சர்வீஸ்ல ஃபியூஸைக் கழட்டி வச்சிட்டேன்."

"நீரா கழட்டுனீரு? இத்தன வருசமா ஓட்டுதேன், ஒரு கீறல் விழுந்திருக்கா?"

"உங்களுக்காவக் கழட்டல அண்ணாச்சி. எம் மவ முபஷ்ஷிராவும் இப்ப முக்குக்கு முக்கு நாலையும் போடுதா. ஊர்ல பாதிப் பேரு போடுதான்."

"ஊரு போட்டா, என் வண்டியில ஏன்வே கை வைக்கீரு?"

பாதுஷா வண்டியின் கூரைமேல் இருந்த மஞ்சள் பலகையைத் துணியால் மெல்லத் துடைத்தார்.

'ஜஸ்டஸ் டிரைவிங் ஸ்கூல்' பளிச்சென்று தெரிந்தது.