குடைக்கு விழுந்த ஓட்டு

"எனக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு, டீச்சரம்மா. அதுவும் நானே குத்திக்கினது!"

சொல்லிவிட்டுக் கலியாணசுந்தரம் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு எண்பத்தாறு வயது. எண்பத்தைந்து தாண்டியவர்களிடம் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கும் குழு, கூடத்தில் உட்கார்ந்திருந்தது. சீட்டை எடுத்துவைத்துக்கொண்டிருந்த காயத்ரி டீச்சரும் சிரித்துவிட்டாள்.

மோர் கொண்டுவந்த ஏலவார்குழலிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கட்டினவர் இந்தக் கதையை எடுத்தாலே நாற்பது வருஷமாக அவளுக்கு வயிறு எரியும்.

"எந்தத் தேர்தல்லங்க ஐயா?" என்று கேட்டாள் காயத்ரி.

"முனிசிபாலிட்டி. சுயேச்சை. குடை சின்னம். காகிதச் சீட்டைப் பாத்ததும் எல்லாம் ஞாபகம் வருதும்மா. அதுக்கு முன்னாடி பதினாறு வருஷம் கட்சிக்கு உழைச்சவன் நான். போஸ்டர் ஒட்டுறது, கொடி கட்டுறது, தொண்டை கிழிய கத்துறது. கேட்டது ஒரே ஒரு சாக்கடைக் கால்வாய். மழை பேஞ்சா தெருத் தண்ணி நேரா எங்க தறிக்குழியில இறங்கும். தறியில பூட்டின பாவு நூல் நனைஞ்சா ஒரு மாச உழைப்பு போச்சு. ஜெயிக்கிற வரைக்கும் 'அண்ணே அண்ணே'ம்பாங்க. ஆறு கடந்தா நீ யாரோ நான் யாரோ. சர்தான் போங்கடான்னு நானே நின்னுட்டேன்."

"இப்போ கால்வாய் இருக்குதே?"

"வந்துது, பத்து வருஷம் கழிச்சு," என்றாள் ஏலவார்குழலி. "எங்க வாசப்படியைவிட ஒரு அடி ஒசரமா கட்டிட்டுப் போனாங்க. முன்ன தெருத் தண்ணி மட்டும் வந்துக்கினு இருந்தது. இப்போ ஊருத் தண்ணியே வருது."

அவர் தேர்தலில் நின்ற அந்த மாசி மாதத்தை அவளால் மறக்க முடியாது. சின்னம் குடை என்பதால் மழையில்லாத வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குடைக்குள் வீதியில் நடந்தது ஓட்டுக் கேட்டுப் போன அந்த மூன்று நாள்தான். காமாட்சி அம்மன் கோயில் பக்கம் போனபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தோஷமாகவும் இருந்தது. நெசவாளிகள் எல்லோரும் தறியை விட்டு எழுந்து வந்து, "உனக்கில்லாத ஓட்டா அண்ணே?" என்றார்கள்.

எண்ணிப் பார்த்தால் ஒன்று.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? வேட்புமனுவில் அவரை முன்மொழிந்த மயில்வாகனம் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை அந்த ஒரு ஓட்டு தன்னுடையது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். ஏலவார்குழலியும் சொன்னாள். கலியாணசுந்தரம் ஒரே போடாகப் போட்டார். "அது நான் போட்டது. நீயும் போட்டிருந்தா ரெண்டு இருக்கணுமே?"

கணக்கு சரிதான். அன்றிலிருந்து கல்யாண வீடானாலும் காதுகுத்தானாலும், 'புருஷனுக்கே ஓட்டுப் போடாத மகராசி' என்று கேலி. முதலில் அழுதாள். பிறகு சண்டை போட்டாள். கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. முத்திரை கோட்டின் மேல் விழுந்து செல்லாமல் போயிருக்குமோ? அவசரத்தில் சீட்டைத் தப்பாக மடித்திருப்பாளோ? படுத்தால் அந்தப் பாழாய்ப்போன சீட்டுதான் கண்முன் நிற்கும். சாவதற்குள் இந்தப் பழி தீர வேண்டும் என்பதுதான் அவள் ஏகாம்பரநாதரிடம் வைக்கும் ஒரே கோரிக்கை.

"ஐயா, தனியா போடுவீங்களா? துணைக்கு யாராச்சும் வேணுமா?" என்று காயத்ரி கேட்டாள்.

"பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியலம்மா. என் சம்சாரம் வரட்டும்."

ரகசியம் காப்பேன் என்று ஏலவார்குழலி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். மூலையில் அட்டைத் தடுப்பு வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்தார்கள். அவள் பெயர்களை ஒவ்வொன்றாக மெல்லப் படித்தாள். பெரிய கட்சி, அதை எதிர்க்கும் கட்சி, இரண்டிலிருந்தும் பிரிந்து வந்த கட்சி. எல்லோரும் பிரசாரத்தில் அந்தக் கால்வாயைச் சரிசெய்வதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். அடியில் யாரோ ஒரு சுயேச்சை.

"ஐயோ பாவம், இந்த ஆளுக்கு யாரு போடப் போறாங்க?" என்றாள்.

"அவன் பொண்டாட்டி போடுவா."

அவளுக்குச் சுருக்கென்றது. கண் கலங்கிவிட்டது. "இங்க வந்துமா குத்திக் காட்டணும்? போடலைன்னே வெச்சுக்குங்க. விடுங்க."

கலியாணசுந்தரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குத்திக் காட்டல, குழலி. நீ போட்டதானே?"

"நாப்பது வருஷமா அதைத்தானே தலைப்பாடா அடிச்சுக்கிறேன்! நான் போட்டிருந்தா ரெண்டு இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ உங்க ஓட்டு எங்க போச்சு?"

கலியாணசுந்தரம் தடுப்புக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவள் காதோடு சொன்னார்.

"உள்ள போனதும், பதினாறு வருஷப் பழக்கம் பாரு, கை தன்னால கட்சி சின்னத்துலயே குத்திடுச்சு."