இருக்கிறபடியே எடுத்துக்கணும்

"நீங்க தேடி வந்த கார் எங்கிட்டதான் இருக்கு. முதல்ல உள்ள வாங்க" என்றார் தையல்காரர்.

பல் டாக்டர் உள்ளே வந்ததும் தையல்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். புரோக்கர், மெக்கானிக், டயர் கடை என்று ஒரு வருஷம் நாயாய் அலைந்து பிடித்த முகவரி இது. தர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அடுத்து எங்கே போவது?

வீட்டின் முன்னறைதான் கடை. தையல் மெஷினைச் சுற்றிலும் வெட்டிய துணித் துண்டுகள் சிதறிக் கிடந்தன. மூலையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தையல்காரரின் மனைவி, டாக்டரைக் கண்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீங்கதான் அந்தக் காரை வித்த டாக்டரா? என்னைக்காவது வருவீங்கன்னு நம்பிக்கிட்டுதான் இருந்தோம். உட்காருங்க, உட்காருங்க" என்றவள், நாற்காலியில் கிடந்த பேன்ட்டுகளை ஒரே வாராக வாரித் தரையில் போட்டாள்.

டாக்டர் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"தப்பா நினைக்காதீங்க. வித்ததை திருப்பிக் கேக்கறது நியாயமில்லதான். ஆனா என்னால முடியல சார். பல்லைப் பிடுங்க இடுக்கியை எடுத்தா, கை அதுபாட்டுக்கு கியர் போடுது. நேத்து ஒரு பெரியவர் வாயில ரிவர்ஸ் கியரே போட்டுட்டேன். எழுந்து ஓடினவர் செருப்பை எடுக்கக்கூட திரும்பி வரல. இப்படியே போனா கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான்."

"ஐயையோ" என்றார் தையல்காரர்.

"என் சம்சாரமும் கார் போன நாள்லேர்ந்து சரியா சாப்பிடறதில்ல. வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா."

"இருக்காதா பின்னே" என்று தையல்காரரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவ்வளவு இளகிய மனசு டாக்டருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஊரில் எல்லாரும் டாக்டரைக் கிறுக்கன் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

தையல்காரர் கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை இழுத்து இழுத்து விட்டார்.

"ஒண்ணு கேக்கலாமா டாக்டர்? இவ்வளவு பாசம் வச்சிருக்கவர் ஏன் வித்தீங்க? கடன் தொல்லையா?"

"கடன்னாகூட தாங்கியிருப்பேன்." டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு வேற வழி தெரியல சார். நாலு பக்கமும் யோசிச்சுப் பார்த்துட்டுதான், நெஞ்சைக் கல்லாக்கிக்கிட்டு வித்தேன்."

"புரியுது" என்றார் தையல்காரர் ஆழ்ந்த குரலில். "எனக்கு ரொம்ப நல்லாவே புரியுது."

"அப்ப திருப்பித் தருவீங்களா? நீங்க என்ன விலை சொன்னாலும் சரி."

"விலையெல்லாம் எதுக்கு? தோணறதைக் குடுங்க. குடுக்காட்டியும் பரவாயில்ல."

டாக்டர் தன் காதையே நம்ப முடியாமல் அந்த அம்மாளைப் பார்த்தார். அவள் அதற்குள் உள்ளே ஓடிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். போதாதென்று, டாக்டர் இதுவரை தைக்கக் கொடுக்காத ஒரு சட்டையையும் மடித்து அவர் கையில் வைத்தாள்.

"ஆனா ஒரே ஒரு கண்டிஷன்" என்றார் தையல்காரர். "காரை இருக்கிறபடியே எடுத்துக்கணும். இது வேணும், அது வேணாம்னு பேச்சே இருக்கக் கூடாது."

"நான் போய் அப்படிச் சொல்வேனா? துருப்பிடிச்ச போல்ட் ஒண்ணைக்கூட இங்க விட்டுட்டுப் போக மாட்டேன். என் தொழில் மேல சத்தியம்."

"சத்தியம் பண்ணியாச்சு. நீயும் கேட்டுக்கிட்டியா?" என்று தையல்காரர் மனைவியைப் பார்த்தார்.

"நல்லாக் கேட்டுச்சுங்க" என்றாள் அவள்.

மூவரும் கொல்லைப்புறம் போனார்கள். தகரக் கொட்டகையின் அரையிருட்டில் கார் நின்றிருந்தது. கழுவித் துடைத்துக் குழந்தையைப் போல வைத்திருந்தார்கள். டாக்டர் ஓடிப்போய் பானெட்டின் மேல் குப்புற விழுந்தார்.

"செல்லம், என்னை மன்னிச்சிடும்மா. இனிமே உன்னை விட்டு ஒரு நாளும் பிரிய மாட்டேன்" என்று விம்மினார். தையல்காரரின் மனைவியும் கூடவே விம்மினாள். தையல்காரர் மட்டும் கொட்டகைக் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவைத்தார்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். ஸ்டியரிங் பழைய சிநேகிதன் மாதிரி கைக்குள் வந்து உட்கார்ந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. சாவியைச் செருகினார்.

பின்னாலிருந்து ஒரு கனைப்பு கேட்டது.

டாக்டர் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தார். பின் சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்து, செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார் அவருடைய மாமனார்.

"வாங்க மாப்பிள்ளை. காரை விக்கிற அவசரத்துல, நான் உள்ள தூங்கறதை மறந்துட்டீங்க போல. பரவாயில்ல, எடுங்க. முன்ன மாதிரி கிளட்ச்சைத் தேய்க்காதீங்க. நான் சொல்லச் சொல்ல கியரை மாத்தினா போதும்."

டாக்டர் சத்தமில்லாமல் இறங்கினார். கதவை மெல்லச் சாத்தினார். சாவியைத் தையல்காரரின் கையில் வைத்து அழுத்தினார்.

"மன்னிச்சிடுங்க சார். இது என் கார் இல்ல."