உடையப்பன் மாஸ்டரின் மந்திரம்

"உசா... துஹா... துலோ... உபாத்..."

பொத்தான் தைத்தபடியே உடையப்பன் கண்ணை மூடி முணுமுணுப்பதைப் பார்த்து, அவருக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று அந்த அரபு தேசத்துச் சத்வா தெருவே முடிவு கட்டியிருந்தது. பக்கத்துக் கடை கார்மேகம் ஒரு படி மேலே போய், விபூதிப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"அண்ணே, ஊர்ல எவனும் செய்வினை வச்சுட்டானா?"

"போய்யா அங்கிட்டு! உன் விபூதிய நீயே பூசிக்க. நான் எண்ணிக்கிட்டிருக்கேன்."

எண்ணிக்கொண்டுதான் இருந்தார், செபுவானோ மொழியில். பிலிப்பைன்ஸின் செபு தீவிலிருந்து அந்த வருஷம், 1978இல், கட்டிங் வேலைக்கு வந்து சேர்ந்த நெஸ்டர்தான் வாத்தியார்.

ஐம்பது வயதில் இந்தத் தலையெழுத்து எதற்கு? எல்லாம் வாயால் வந்த வினை. டேப்பைப் பிடித்துக்கொண்டு, நோட்டில் எழுதுகிறவருக்குக் கேட்கும்படி நம்பரைக் கத்துவது டெய்லர் கடை வழக்கம். வெங்கட்ராமன் சார் சம்சாரம் ஜலஜாவுக்கு அளவெடுத்தபோது, "இடுப்பு நாப்பத்தி நாலு!" என்று இவர் கத்தினார், அன்றைக்குப் பார்த்துக் கடையில் ஏழு பெண்கள்.

ஜலஜா அப்போதே எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அடுத்து நம் நம்பரும் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, அந்த ஏழு பேரும் பின்னாலேயே போனார்கள்.

கடை ஈயடித்தது. முதலாளி முகம்மது சித்தீக் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "இந்த மாசம் பெரிய ஆர்டர் ஒண்ணு வரல்லைன்னா கலாஸ், கதை முடிஞ்சுது மாஸ்டர். விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு டிக்கெட் போட்ருவேன்."

ஊரில் மூன்று பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டிய மனுஷன் என்ன செய்வார்? தமிழில் கத்தினால் வம்பு. ஹிந்தி, அரபி, மலையாளம், இங்கிலீஷ் எதில் கத்தினாலும் சத்வாவில் யாருக்காவது புரிந்து தொலைக்கும். மிச்சமிருந்தது நெஸ்டரின் பாஷை ஒன்றுதான்.

பாடம் லேசில் முடியவில்லை. பத்து வரைக்கும் உருப்போட்டு முடித்த பிறகுதான் நெஸ்டர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஷர்ட் கவுண்ட் பண்ணினா துஹா, மாஸ்டர். டேப், டைம், ப்ரைஸ் எல்லாம் தோஸ். எவ்ரிடே லைக் தட்."

"அடப்பாவி! ஒரு ரெண்டுக்கு ரெண்டு பேரா? இத முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னய்யா?"

மறுபடியும் ஊனோ, தோஸ், த்ரெஸ் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். முப்பது த்ரெய்ந்தா, நாற்பது குவாரெந்தா, நாற்பத்தொன்று குவாரெந்தாய் ஊனோ. கக்கூஸில்கூடச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். வெளியே வரிசையில் நின்றவர்கள் வயிற்றுவலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை சோதனை வந்தது. ஆஸ்பத்திரி ஹெட் நர்ஸ் ஜெபராணி, மணப்பாட்டுக்காரர், பன்னிரண்டு பேருக்கு யூனிபார்ம் தைக்கவேண்டும் என்று ஜூனியர் நர்ஸ் இருவரோடு வந்து நின்றார்.

நுழைந்ததுமே மூக்கை உறிஞ்சினார். மூலையில் நெஸ்டரின் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது.

"கருவாடா? எங்க ரூம்லயும் மூணு வருஷமா இதே வாசனைதான்."

கடற்கரைக்காரி ரூமில் பின்னே மல்லிகையா மணக்கும் என்று உடையப்பன் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

"இங்க பாருங்க மாஸ்டர். ஜலஜாக்கா கதை எங்க ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாச்சு. இந்தப் பிள்ளைங்க முன்னால என் நம்பரக் கத்துனீங்க, பன்னெண்டும் எதிர்த்த கடைக்குத்தான்."

"ஐயையோ சிஸ்டர், நம்ம கடையில இப்ப அந்தப் பேச்சே கெடையாது."

டேப் இடுப்பைச் சுற்றி வந்தது. அது நின்ற இடத்தை உடையப்பன் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு நெஸ்டர் பக்கம் திரும்பிக் கணீரென்று குரல் கொடுத்தார்.

"குவாரெந்தா!"

நெஸ்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் எழுதிக்கொண்டார்.

"அப்படின்னா எவ்வளவு மாஸ்டர்?" பெஞ்சிலிருந்து ஒரு ஜூனியர் கேட்டாள்.

"முப்பத்தி ரெண்டும்மா," என்று கூசாமல் புளுகினார் உடையப்பன். "சினிமா நடிகைக்குக்கூட இப்படி அமையாது."

இரண்டு ஜூனியர்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஜெபராணி முகம் சிவந்துபோய் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். ரொம்பத்தான் அளந்துவிட்டோமோ என்று உடையப்பன் பயந்தார்.

டேப்பை எடுத்ததும் ஜெபராணி பெருமூச்சு விட்டார். "சரி, பன்னெண்டும் இங்கயே தைங்க."

உடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விசா பிழைத்தது! இருந்த இடத்திலிருந்தே செபு தீவு முழுவதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

ஜூனியர்கள் படியிறங்கியதும், ஜெபராணி மட்டும் திரும்பி வந்தார். மேஜை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எங்க ரூம்ல கருவாடு பொரிக்கிறவளும் செபுக்காரிதான் மாஸ்டர். மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், குவாரெந்தாய் தோஸ்னு திருத்தச் சொல்லுங்க."